பாப்பாவுக்கு டெடி வாங்கப் போகிறீர்களா? முதலில் கண்ணைப் பாருங்கள்
எவ்வளவு விலை கொடுத்தாலும், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு பிளாஸ்டிக் கண், பட்டன் மூக்கு வேண்டாம். கழன்றால் நேரே தொண்டைக்குள்தான் போகும். நூலால் தைத்த கண்ணே சரி.

கடையிலேயே தையலை இரு கட்டைவிரலாலும் விரித்துப் பாருங்கள். இடுக்கில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தால், நாலு தடவை துவைத்தாலே பிரிந்துவிடும். ரோமத்தைக் கிள்ளி இழுங்கள். விரலில் ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். நீள ரோமம் அழகுதான், ஆனால் எச்சில் காய்ந்து சடைபிடிக்கும். கழுத்து ரிப்பனை வெட்டிவிடுங்கள்.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். லேபிளில் தேடுங்கள்.

தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி மெஷினில் துவைக்கலாம். உள்பஞ்சு ஈரமாக நின்றால் பூஞ்சை வாடை வரும். ஒரு வயது வரை தூங்கும்போது தொட்டிலில் வேண்டாம். முகத்தில் விழுந்தால் மூச்சு முட்டும்.