லினக்ஸுக்கு மாறத் தயங்குகிறீர்களா? முதலில் உங்கள் வேலைகளைத் தாளில் எழுதுங்கள்

தண்டையார்பேட்டையில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து கடைக்கு வரும் பிள்ளைகள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அக்கா, என் லேப்டாப்புல விண்டோஸ் 11 ஏறாதாம். லினக்ஸ் போடலாமா? ஃபைல் எல்லாம் போயிடுமோன்னு பயமா இருக்கு." லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு இயங்குதளம்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும். இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாறி வரும் லேப்டாப் பலவற்றில் இது கிடையாது. மற்றபடி அவை நன்றாகவே ஓடுகின்றன. அவற்றைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தயங்குவதில் தப்பே இல்லை, அதில் உங்கள் படிப்பும் பிழைப்பும் இருக்கிறது. ஆனால் "லினக்ஸ் நல்லதா கெட்டதா" என்று கேட்டுக்கொண்டிருந்தால் முடிவே வராது. ஒரு தாளை எடுங்கள். இந்த மாதம் கம்ப்யூட்டரில் என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். மென்பொருளின் பெயர் வேண்டாம், வேலையின் பெயர் போதும்: பயோடேட்டா அடித்தது, ஆன்லைன் விண்ணப்பம் போட்டது, படம் பார்த்தது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டியது, பிரின்ட் எடுத்தது.

இப்போது அந்தத் தாளில் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பிரவுசரில் நடப்பதெல்லாம் அப்படியே நடக்கும், ஃபயர்பாக்ஸும் குரோமும் லினக்ஸிலும் உண்டு. விஎல்சி உண்டு. போட்டோ வெட்ட கிம்ப் போதும். நடக்காதவற்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். டேலி விண்டோஸுக்கான மென்பொருள். காசிமேட்டில் மீன் வியாபாரத்துக்கு அதில் கணக்கு எழுதுகிறவரை நான் மாறச் சொல்ல மாட்டேன். பேஜ்மேக்கர், போட்டோஷாப் இரண்டும் லினக்ஸுக்கு வருவதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் பத்திரிகையும் பேஜ்மேக்கரில் செய்து பழகிய கை, லினக்ஸில் அதே வேலைக்கு இருக்கும் ஸ்கிரைபஸுக்கு மாற நாளாகும். ஆதார் கைரேகைக் கருவி வைத்துத் தொழில் செய்கிறவர்கள் அந்த ஒரு மெஷினை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள்.

மிச்சமிருப்பது ஆவணங்கள். நம் ஊரில் மாறுகிறவர்கள் அதிகம் சிரமப்படுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாடகை ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தாளில் மேல்பாதியை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியில் வாசகம் வர வேண்டும். கடைசி வரியும் சாட்சிகள் கையெழுத்துப் போடும் இடமும் அதற்குள் அடங்க வேண்டும். விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்த அந்த ஃபைலை லினக்ஸில், வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரெஆபிஸ் ரைட்டரில் திறந்தால், லதா அங்கே இல்லாததால் வேறு எழுத்துரு வந்து உட்காரும். வரிகள் நீளும், 'சாட்சிகள்' அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். உடனே "லினக்ஸில் தமிழ் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். தமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுத்துரு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மாறுவதற்கு முன்பே, விண்டோஸில் இருக்கும்போதே நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் லிப்ரெஆபிஸையும் இறக்கிப் போடுங்கள். இரண்டுமே இலவசம். உங்கள் முக்கியமான ஃபைல்களை அந்த எழுத்துருவுக்கு மாற்றி, பக்கத்தைச் சரிசெய்து வையுங்கள். லினக்ஸிலும் அதே எழுத்துரு இருந்தால் பக்கம் பெரிதாகக் கலையாது. வெளியே பிரின்ட் எடுக்கக் கொடுப்பதை எப்போதும் பிடிஎஃப் ஆக்கியே கொடுங்கள்.

பாமினியில் அடித்த பழைய ஃபைல்கள் இருந்தால், பாமினி எழுத்துருக் கோப்பையும் கூடவே காப்பி எடுங்கள். அது இல்லாமல் திறந்தால் 'அம்மா' என்ற சொல்கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். லினக்ஸில் அந்தக் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் தமிழ் வந்துவிடும். புதிதாகத் தமிழ் அடிக்க ஐபஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. அதோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனெடிக், பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் கிடைக்கும். இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் முடித்த என் மாதிரி ஆட்களுக்குக் கை பழகிய விசையே இருப்பது பெரிய நிம்மதி.

சரி, இனி சோதனை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். லினக்ஸில் பல வகை உண்டு, புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (மொத்த லினக்ஸும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் கொண்டு பென்டிரைவில் ஏற்றுங்கள். லேப்டாப்பை ஆன் செய்யும்போது பூட் மெனு விசையைத் தட்டுங்கள், டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்9. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் அதிலிருந்தே ஓடும். டெஸ்க்டாப்பில் இருக்கும் 'இன்ஸ்டால்' ஐகானைத் தொடாதவரை உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும்.

இப்போது அந்தத் தாளை மறுபடி எடுத்து, ஒவ்வொரு வேலையையும் செய்து பாருங்கள். வைஃபை, சவுண்ட், கேமரா, மூடித் திறந்தால் லேப்டாப் விழிக்கிறதா, எல்லாம் பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் போனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள். இன்டர்நெட் வந்ததும் டிரைவர் மேனேஜர் தேவையான டிரைவரைத் தேடித் தரும். பிரின்டரையும் கட்டாயம் சோதியுங்கள். எச்பி மாடல்கள் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். கடைகளில் நிறைய இருக்கும் கேனான் எல்பிபி 2900-க்கு கேப்ட் என்ற தனி டிரைவர் வேண்டும். தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் அது சுலபம். வேகத்தை மட்டும் இப்போது எடை போடாதீர்கள், பென்டிரைவிலிருந்து ஓடுவது எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயம் இடையில் சொல்ல வேண்டும். 2011-லிருந்து தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதனால் இது நம் பிள்ளைகளுக்கு எட்டாத ஏதோ ஒன்று என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எல்லா வரியும் நடந்தால், அல்லது நடக்காத வரி இல்லாமலே உங்களால் சமாளிக்க முடிந்தால், இன்ஸ்டால் செய்யலாம். முதலில் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். இன்ஸ்டாலர் கேட்கும்போது விண்டோஸின் 'பக்கத்தில்' (இன்ஸ்டால் அலாங்சைட்) போடும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். 'எரேஸ் டிஸ்க்' என்று இருப்பது மொத்தத்தையும் அழிக்கும், அந்த ஒரு திரையில் மட்டும் அவசரப்படாமல் இரண்டு முறை படியுங்கள்.

அப்புறம் ஆன் செய்யும்போதெல்லாம் எது வேண்டும் என்று மெனு கேட்கும். அன்றாட வேலையை லினக்ஸில் செய்யுங்கள். எதற்காகவெல்லாம் விண்டோஸுக்குத் திரும்பினீர்கள் என்று அதே தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு செமஸ்டர் முழுக்க அந்தப் பக்கம் காலியாகவே இருந்தால் விண்டோஸை எடுத்துவிடலாம். ஒரே ஒரு வரி இருந்தாலும், அது உங்கள் வருமானத்தைத் தொடுவதாக இருந்தால், விண்டோஸ் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆதரவு நின்ற விண்டோஸ் 10 என்றால் அதில் பேங்க் வேலை மட்டும் பார்க்காதீர்கள், அதை லினக்ஸ் பக்கம் வந்து செய்யுங்கள்.