பிரிக்காத பழைய பேஸ்பால் அட்டைப் பொட்டலத்தைச் சோதிக்கும் முறை

கோவையிலோ திருப்பூரிலோ இருந்துகொண்டு, அமெரிக்காவில் உள்ள உறவினர் வழியாகப் பழைய பேஸ்பால் அட்டைப் பொட்டலம் (பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட, சேகரிப்போர் தேடும் அட்டைகள் கொண்டது) வாங்க நினைப்பவர், பிரித்தால் அதன் மதிப்பு போய்விடும் என்பதால், வெளிப்புறத்தை மட்டும் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மோசடி நுழைவதும் இந்த இடத்தில்தான்: நல்ல அட்டைகளை உருவிவிட்டு, மலிவானவற்றை வைத்து மீண்டும் ஒட்டிவிடுகிறார்கள்.

பணம் கொடுக்கும் முன், பொட்டலத்தின் பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படங்களாகக் கேளுங்கள். இத்தகைய அட்டைகளை வெளியிட்ட டாப்ஸ் நிறுவனத்தின் மெழுகுத்தாள் உறைகள் சூட்டில் மெழுகு இளகி ஒட்டியவை. ஈரோட்டு மஞ்சள் வியாபாரி மூட்டைத் தையலைப் பார்ப்பதுபோல் அந்த ஒட்டைப் பாருங்கள். பழைய மடிப்பையொட்டி இரண்டாவது மடிப்புக் கோடோ, பசையின் பளபளப்போ, இஸ்திரிப்பெட்டி பட்டதுபோல் பரவிய மெழுகோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். பிற்காலப் பசைகள் பல புற ஊதா விளக்கில் ஒளிரும். ஆனால் ஒளிரவில்லை என்பது மட்டுமே அசல் என்பதற்குச் சான்றாகாது.

மேலட்டை வெளியே தெரியும் செலோ (கண்ணாடித்தாள்) பொட்டலங்களில், விலையுயர்ந்த வீரரின் அட்டை முன்னால் இருந்தால், ஒட்டுவரியை இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

சேகரிப்பு அட்டைகளின் தரத்தை மதிப்பிடும் பிஎஸ்ஏ நிறுவனம் மதிப்பிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையிட்டதாக இருந்தால், சான்றெண்ணை அதன் இணையதளத்தில் சரிபாருங்கள். அந்த பிளாஸ்டிக் உறையையே போலியாகச் செய்பவர்களும் உண்டு என்பதால், எண் பொருந்தினாலும் உறையின் விளிம்புகளையும் சோதியுங்கள்.