நம் பொருள் கிடைக்காத ஊரில் வீட்டுச் சமையல்: புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கிய முதல் இரண்டு வாரம் பெட்டியில் கொண்டுவந்த பொடிகளில் ஓடிவிடும். அப்புறம்தான் திண்டாட்டம். நம் பொருள் விற்கும் கடை ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கலாம், வாரம் ஒருமுறைதான் போக முடியலாம், ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தினமும் பசிக்கும். அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சாதாரணக் கடைப் பொருளை வைத்தே நாலு நாள் சமைக்கப் பழகிவிடுங்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு பொருள் இல்லையென்றால், அது அந்தக் குழம்பில் என்ன வேலை செய்கிறது, புளிப்புக்கா, கெட்டியாவதற்கா, வாசனைக்கா என்று கேட்டுப் பாருங்கள். அந்த வேலையைச் செய்ய வேறு ஏதாவது கைவசம் இருக்கும்.

புளியையே எடுத்துக்கொள்ளுங்கள். டின் தக்காளி எல்லா ஊரிலும் கிடைக்கிறது, நன்றாகப் பழுத்ததைத்தான் டின்னில் அடைக்கிறார்கள், குளிர்காலத்தில் கடையில் இருக்கும் வெளிறிய தக்காளியைவிட ரசத்துக்கு அதுதான் நல்லது. எண்ணெயில் போட்டுப் பச்சை வாசனை போய் ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் பாதிப் புளிப்பு வந்துவிடும், மீதிக்கு அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் மணம் போய்விடும், கசக்கவும் கசக்கும். பாட்டிலில் வரும் கறுப்புப் புளிக் கரைசல் கிடைத்தால் கவனம் தேவை, நாம் கரைக்கும் புளியைவிட அது மிகவும் கடுமையானது. ஒரு சின்னத் தேக்கரண்டியில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தேங்காய்க்கு, உலர்ந்த துருவலை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அரைக்கலாம் (சர்க்கரை சேர்க்காததா என்று பார்த்து வாங்கவும்). டின் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வரும் முன் இறக்கிவிடுங்கள்.

பருப்பில் எனக்கு மிகவும் கைகொடுத்தது மைசூர்ப் பருப்பு, அதாவது அந்தச் சிவப்புப் பருப்பு. ஊறவைக்க வேண்டாம், குக்கர் வேண்டாம், சாதாரணப் பாத்திரத்தில் இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். துவரம்பருப்பின் ருசி அப்படியே வராது என்பது உண்மைதான், ஆனால் பெருங்காயமும் சீரகமும் பூண்டும் தாளித்துக் கொட்டினால் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள். ராஜ்மா வாங்கினால் மட்டும் அவசரப்படாதீர்கள். அதில் இயல்பாகவே ஒரு நச்சு இருக்கிறது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 10 நிமிடமாவது கொதிக்க வேண்டும், அரை மணி என்றால் இன்னும் நல்லது. ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போடவே கூடாது, அதன் சூடு அந்த நச்சை அழிக்கப் போதாது. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

அடுத்தது லேபிள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். நான் வந்த புதிதில் அரிசி மாவு என்று ஒரு பையை வாங்கிவந்து இடியாப்பத்துக்குக் குழைத்தேன். வெந்நீர் விட்டதும் பசை மாதிரி கரண்டியில் ஏறிக்கொண்டது, உரலில் போட்டுப் பிழியக் கை வலித்தது, எப்படியோ பிழிந்து ஆவியில் வைத்தால் இழை இழையாக இருந்ததெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து வழவழவென்று ஒரே தட்டாக வந்து நின்றது. பையைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் ‘குளூட்டினஸ்’ என்று இருக்கிறது, அது ஒட்டும் அரிசியின் மாவு. அன்று இரவு எல்லோரும் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுப் படுத்தோம்.

அதே மாதிரி, அமெரிக்காவில் ‘சில்லி பவுடர்’ என்று விற்பது பெரும்பாலும் தனி மிளகாய்த்தூள் இல்லை, சீரகம், பூண்டுத்தூள், ஓரிகானோ எல்லாம் கலந்த மசாலா. தனி மிளகாய் வேண்டுமென்றால் ‘கயென்’ என்று இருப்பதை எடுங்கள். பாப்ரிகா பெரும்பாலும் நிறம்தான் தரும், காரம் தராது. காரம் தாங்காத குழந்தை இருக்கும் வீட்டில் அது நல்ல வசதி, குழம்பு சிவப்பாக இருக்கும், வாய் எரியாது. வட அமெரிக்காவில் கொத்தமல்லித் தழைக்குச் ‘சிலாண்ட்ரோ’ என்று பெயர், ‘கொரியாண்டர்’ என்றால் மல்லி விதை. ‘செல்ஃப் ரெய்சிங்’ என்று போட்ட மாவில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும், பரோட்டாவுக்கு ஆகாது.

காய்கறியில் தாராளமாக விளையாடலாம். சுக்கினியைப் பீர்க்கங்காய் மாதிரிக் கூட்டு வைக்கலாம், ஆனால் சீக்கிரம் வெந்து தண்ணீர் விடும், எனவே பருப்பு வெந்த பிறகு போடுங்கள். பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்டைப் பொடியாக நறுக்கினால் கோஸ் பொரியலேதான். ப்ரோக்கோலித் தண்டைத் தூக்கி எறியாதீர்கள், தோல் சீவி நறுக்கினால் நூல்கோல் மாதிரி இருக்கும். கேல் கீரை முரடு, நடு நரம்பை உருவிவிட்டுப் பருப்போடு வேகவைத்தால் அடங்கிவிடும்.

அடுப்பு விஷயம். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கரும் செம்புப் பாத்திரமும் சூடாகாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் அது வேலை செய்யும். இரும்புத் தோசைக்கல் நன்றாக வேலை செய்யும், ஆனால் கண்ணாடி மேல் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய மிக்ஸி 230 வோல்ட்டுக்கானது, அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட்தான், அங்கே கொண்டுபோய் ஏமாற வேண்டாம். தாளிக்கும்போது ஸ்மோக் அலாரம் அலறினால் பயப்படாதீர்கள், எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். எண்ணெய் புகையும் முன்பே கடுகைப் போடுங்கள், சன்னலை முன்கூட்டியே திறந்து வையுங்கள், மிளகாயை அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே போடலாம். அலாரத்தைத் துணி போட்டு மூடுவதோ கழற்றுவதோ மட்டும் வேண்டாம், தூங்கும்போது உங்கள் குடும்பத்துக்கு அதுதான் காவல். மீந்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குளிரில் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும்.

தோசை மாவு பொங்கவில்லை என்று மனம் உடைந்து கைவிட்டவர்கள் நிறையப் பேர். மாவில் குற்றமில்லை, வீட்டுச் சூடு போதவில்லை. 27 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருந்தால்தான் ஓர் இரவில் பொங்கும், குளிர் வீட்டில் ஒரு முழு நாள்கூட ஆகும். மாவைப் பாதிப் பாத்திரம் மட்டும் ஊற்றி, ஓவனைப் போடாமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். விளக்கு எல்இடி என்றால் சூடு வராது, பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்து ஆறியதும் மாற்றுங்கள். ஓவன் குமிழில் ‘உள்ளே மாவு’ என்று ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள், யாராவது தெரியாமல் திருகிவிடுவார்கள். இட்லி அரிசி இல்லையா? கடையில் ‘பார்பாயில்ட்’ என்று போட்டிருக்கும் புழுங்கல் அரிசியே போதும், அரைக்கும்போது ஒரு பிடி பழைய சோறு சேர்த்தால் மென்மையாக வரும்.

சோறு மீந்தால் அடுப்பு மேலேயே இரவு முழுக்க விடாதீர்கள். அதில் வளரும் ஒரு கிருமியின் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகளின் மதிய டப்பா. வேர்க்கடலை, முந்திரி போன்றவற்றுக்குத் தடை உள்ள பள்ளிகள் பல இருக்கின்றன, ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது உயிர்ப் பிரச்சினை. பள்ளியில் முதல் நாளே கேளுங்கள். தடை இருந்தால் எலுமிச்சைச் சாதத்தில் கடலைக்குப் பதிலாகக் கடலைப்பருப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாளியுங்கள், கடித்தால் அதே கறுக்மொறுக் இருக்கும்.