"பாத்துக்கறேன் சார்": மேலதிகாரி முடியாததைக் கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு சாயங்காலம். எங்கள் தேயிலை ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்த உதவி டீ மேக்கர் (தூள் தயாரிப்பைக் கவனிக்கும் வேலை) தம்பி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். எதிர்முனையில் மேனேஜர். தம்பி விறைப்பாக நின்றுகொண்டு, "சரிங்க சார், பாத்துக்கறேன் சார், பாத்துக்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தான். அதற்கப்புறம்தான் இலை பரப்பியிருந்த ட்ரஃப், அதாவது காற்று ஊதி இலையை வாட வைக்கும் நீளத் தொட்டி, பக்கம் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. பத்து ட்ரஃப்பும் நிறைந்து கிடந்தன. இன்னும் இரண்டு லாரி இலை வருகிறது என்பதுதான் மேனேஜர் சொன்ன செய்தி.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கோத்தகிரிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் ஃபேக்டரிகளில் வேலை பார்த்துவிட்டேன். அவன் வயதில் அதே வார்த்தையைச் சொல்லி நான் பட்டது இன்னும் மறக்கவில்லை. புதிதாக வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதே பள்ளத்தில் வரிசையாக விழுவதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மேலதிகாரியிடம் குரல் உயர்த்தக் கூடாது, வேலைக்கு நேரத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"பாத்துக்கறேன்" என்று சொல்வது

இதைவிட நஷ்டம் தரும் தவறு வேறில்லை என்று நினைக்கிறேன்.

2008 அக்டோபர். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை தொடங்கி, இலை நன்றாக வரும் காலம். நான் வேலை பார்த்த ஃபேக்டரியில் ட்ரஃப் எல்லாம் சேர்த்து 18,000 கிலோ பச்சை இலைதான் ஒழுங்காகப் பரப்ப முடியும். அன்றைக்கு ஐந்து மணிக்கே 17,000 கிலோ வந்துவிட்டது. ஆறு மணிக்கு முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஃபோன் செய்தார். பக்கத்து ஃபேக்டரியில் மிஷின் பழுது. அங்கே போக வேண்டிய இலையை, விவசாயிகளிடம் இலை வாங்கிக் கொண்டுவரும் ஏஜென்ட்கள் நம் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். இன்னும் 9,000 கிலோ வரும். "ஒரு லாரியையும் திருப்பி அனுப்பாதே. ஏஜென்ட் கோவிச்சுக்கிட்டுப் போனா திரும்ப வர மாட்டான். எல்லாத்தையும் எடுத்துக் காலைக்குள்ள ஓட்டிடு" என்றார்.

நான் சொன்னது: "பாத்துக்கறேன் சார்."

பறித்த பிறகும் இலை உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, சூடாகிறது. பரப்பிக் காற்று ஊதினால் அந்தச் சூடு வெளியேறும், ஈரம் இறங்கும், இலை பதமாக வாடும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும். மூட்டையிலோ குவியலிலோ அடைத்து வைத்தால் சூடு உள்ளேயே ஏறும். 35 டிகிரியைத் தாண்டினால் இலை சிவக்க ஆரம்பித்துவிடும். சிவந்த இலையை எந்த மிஷினில் போட்டாலும் நல்ல தூள் வராது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரிந்தும் ட்ரஃப்பில் இலையை அளவுக்கு மேல் உயர்த்திக் கொட்டினோம். இடம் போதாத மூட்டைகளைத் தரையில் அடுக்கினோம். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். அடுப்புப் பக்கம் கை நீட்டியதுபோல இருந்தது. அப்போதுகூட முதலாளியைக் கூப்பிடவில்லை. "பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேனே.

மேலே நனைந்து, கீழே வாடி, நடுவில் சிவந்த இலையை ராத்திரி முழுக்க, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மிஷினில் தள்ளினோம். ஈரம் அதிகமாக இருந்ததால் ட்ரையர் திணறியது. நாலேகால், நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்ற கணக்கில் ஏறக்குறைய 6,000 கிலோ தூள் வந்தது. குன்னூர் ஏலத்தில் எங்கள் வழக்கமான விலையைவிடக் கிலோவுக்கு 8 ரூபாய் குறைத்துத்தான் கேட்டார்கள். ஒரே ராத்திரியில் 48,000 ரூபாய் போய்விட்டது. கூடுதலாக வந்த இலையால் மட்டும் வந்த நஷ்டம் இல்லை இது. முதலில் வந்த 17,000 கிலோ நல்ல இலையையும் சேர்த்துக் கெடுத்தோம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "இடம் இல்லைன்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? சொல்லியிருந்தா ரெண்டு லாரியைக் குன்னூர்ல தெரிஞ்ச ஃபேக்டரிக்குத் திருப்பி விட்டிருப்பேனே."

அந்தக் கேள்வி வரும்வரை அவர்மேல்தான் எனக்குக் கோபம். ஈவு இரக்கம் இல்லாமல் கேட்கிறார் என்று ராத்திரி முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் கோயம்புத்தூரில் இருந்தார். ட்ரஃப்பைப் பார்த்தவன் நான். பார்த்தவன் வாயைத் திறக்காதபோது பார்க்காதவருக்கு எப்படித் தெரியும்? அந்த வருட போனஸில் எனக்குப் பாதிதான் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. என்னோடு காலை ஏழு மணி வரை நின்ற பதினொரு பேருடைய கூடுதல் நேரத்தை அன்றைய அவசரத்தில் ரெஜிஸ்டரில் சரியாக எழுதாமல் விட்டுவிட்டேன். அவர்களுக்கு ஒரு நாள் கூலிதான் கிடைத்தது. அதில் இரண்டு பேர் இப்போதும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா அண்ணா" என்று விசாரிக்கிறார்கள். பதில் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

"பாத்துக்கறேன்" என்று நாம் சொல்லும்போது, முயற்சி செய்கிறேன் என்பதுதான் நம் மனசில் இருக்கும். கேட்பவர் காதில், இனிப் பொறுப்பு உன்னுடையது என்று விழும். அந்த இடைவெளியில்தான் நம் தலை உருள்கிறது. "முடியாது" என்று முகத்தில் அடிக்கச் சொல்லவில்லை. இருப்பதை எண்ணிக்கையில் சொல்லுங்கள். செய்தால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். வேறு என்ன வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே கொடுங்கள். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"சார், ட்ரஃப்ல 18,000 கிலோதான் பிடிக்கும். இப்பவே 17,000 இருக்கு. வர்ற 9,000த்தையும் எடுத்தா இருக்கிற இலையும் சேர்ந்து கெட்டுப் போகும். ரெண்டு லாரியை வேற எங்கயாவது அனுப்பட்டுமா, இல்லை எடுத்துக்கட்டுமா? நீங்க சொல்றபடி செய்றேன்."

அதன்பிறகும் "எடு" என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அது அவர் எடுத்த முடிவு. மணி போட்டு லாக் புக்கில் ஒரு வரி எழுதுங்கள். அவருக்கும் வாட்ஸ்அப்பில் "நீங்க சொன்னபடி 9,000 கிலோ எடுத்திருக்கோம், ட்ரஃப் நிறைஞ்சிருக்கு" என்று மரியாதையாக ஒரு வரி அனுப்புங்கள். இதை ஃபோனை வைத்த கையோடு செய்ய வேண்டும். மறுநாள் எழுதினால் தப்பிக்கப் பார்ப்பதுபோல் தெரியும்.

இதைச் சொன்னால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "திட்ட மாட்டாரா அண்ணா?" திட்டுவார். இரண்டு நிமிஷம் திட்டுவார். சொல்லாமல் விட்டால் வருஷக்கணக்கில் மனசுக்குள் கேட்கும்.

தேயிலை ஃபேக்டரிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது லாட்ஜ் ரிசப்ஷனில் நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். இருப்பது இருபது ரூம், மேனேஜர் இருபத்தாறு பேருக்கு வாக்குக் கொடுத்திருப்பார். "எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணு" என்பார். "பாத்துக்கறேன்" என்று சொன்ன பிள்ளைதான் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை குட்டியோடு வந்து நிற்கும் ஆறு குடும்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் தம்பியை ஐந்து நிமிஷத்திலேயே திரும்ப ஃபோன் போட வைத்தேன். பக்கத்தில் நின்று எண்களை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் சத்தம் போட்டார். அப்புறம் ஒரு லாரியை எடுக்கச் சொல்லிவிட்டு, இன்னொன்றை வேறு இடத்துக்குத் திருப்பினார். இரண்டு நாள் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தூள் நன்றாக வந்தது.

ஆட்கள் முன்னால் வாதம் செய்வது

வேண்டவே வேண்டாம். ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள்.

கஷ்டமான வேலையையும் தப்பான வேலையையும் ஒன்றாக நினைப்பது

மழை நாளில் ஈர இலை வரும். ஈரத்துக்காக எடையில் கொஞ்சம் கழிப்பது இங்கே வழக்கம். நியாயமாகக் கழித்தால் சிறு விவசாயியும் ஒத்துக்கொள்வார். ஆனால் வெயில் நாளிலும் "மூட்டைக்கு ரெண்டு கிலோ சேர்த்துக் கழி" என்று எடை போடும் கிளார்க்கிடம் காதோடு சொல்லும் மேலதிகாரிகள் இருக்கிறார்கள். இது திருட்டு. இதற்கு மேலே சொன்ன முறை பொருந்தாது. முடிவை அவரிடம் கொடுக்கக் கூடாது. "இதை நான் செய்ய மாட்டேன் சார்" என்று தணிந்த குரலில், ஒரே முறை, தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தூள் விற்கும் விலையில் 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு ஃபேக்டரிக்கு என்ற கணக்கில்தான் தேயிலை வாரியம் பச்சை இலைக்கு மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது. எடையிலேயே கை வைத்துவிட்டால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) மூட்டை சுமந்து வருகிறவர் அந்த விவசாயி. மாட்டினால் எடைச் சீட்டில் இருப்பது கிளார்க்கின் கையெழுத்து. தூளுக்குச் சாயம் கலக்கச் சொன்னாலும் இதே பதில்தான். அது உணவுக் கலப்படம்.

மணிக்கணக்கு தெரியாமல் இருப்பது

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் செய்தால் இரட்டிப்புக் கூலி என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றிலும் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி உண்டு. டீ மேக்கர், மேற்பார்வையாளர் போன்ற பதவிகளில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். அதனாலேயே நம்மில் பலர் இதைப் படிப்பதே இல்லை. ஆனால் மேலிருந்து வரும் "காலைக்குள்ள முடி" நம்மோடு நிற்பதில்லை. நம் வழியாக ட்ரையர் பக்கம் நிற்பவர்மேல், இலை கொட்டும் அக்காமேல் போய் இறங்குகிறது. அவர்களுக்குப் பொருந்தும். நேரத்தை அன்றன்றே ரெஜிஸ்டரில் எழுதுங்கள். "இவ்வளவு பேர், இவ்வளவு மணி நேரம், இரட்டிப்புக் கூலி இவ்வளவு ஆகும்" என்று முன்கூட்டியே சொன்னால், அவசரம் என்று சொன்ன வேலை பல சமயம் மறுநாளைக்குத் தள்ளிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

டீக்கடையில் புலம்புவது

மலையில் ஊர் சின்னது. நீங்கள் யாரிடம் சொல்கிறீர்களோ அவருடைய மச்சான்தான் மேனேஜருக்கு டிரைவர்.

நேரம் பார்க்காமல் கேட்பது

சம்பள உயர்வு, லீவு, கூடுதல் ஆள், இவற்றையெல்லாம் லாரி வரிசையில் நிற்கும்போது கேட்டால் எந்த மேலதிகாரிக்கும் எரிச்சல்தான் வரும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். தேயிலை கருகும், இலை வரத்து குறையும். ஃபேக்டரி பாதி நேரம்தான் ஓடும். அப்போது போய் உட்கார்ந்து பேசுங்கள். போன சீசனில் எத்தனை நாள் ட்ரஃப் கொள்ளளவைத் தாண்டியது, எத்தனை ராத்திரி ஆள் போதவில்லை என்று லாக் புக்கைக் காட்டுங்கள். இன்னொரு ட்ரஃப் போட வைத்தது, ராத்திரி ஷிஃப்டுக்கு இரண்டு ஆள் கூட்டிக்கொண்டது எல்லாம் எனக்கு ஜனவரியில்தான் நடந்தது. படுகர்களின் பண்டிகையான ஹெத்தை ஹப்பாவும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வரும். பண்டிகைக்குப் போக வேண்டியவர்கள் பட்டியலையும் முன்பே கொடுத்துவிட்டால், கடைசி நேரத்தில் "லீவு கிடையாது" என்ற பேச்சு வராது.

கோபத்தில் ராஜினாமா எழுதுவது

சமவெளியில் வேலையை விட்டால் வேலை மட்டும்தான் போகும். இங்கே பலருக்குக் குவார்ட்டர்ஸும் போகும். வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடம் நடு வருஷத்தில் நிற்கும். மழை மாதத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு இறங்கி, வாடகைக்கு வீடு தேடி அலைவது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும். விடவே கூடாது என்று சொல்லவில்லை. சில இடங்களில் எத்தனை முறை எண்களோடு சொன்னாலும் கேட்க ஆள் இருக்காது. அங்கிருந்து கிளம்பத்தான் வேண்டும். எப்போது கிளம்புவது என்பதை மட்டும் கோபத்தின் கையில் கொடுக்காதீர்கள்.

நான் எழுதிய கடிதம் ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது. 2008 அக்டோபர் தேதி போட்டு, இரண்டு பக்கத்துக்கு என் நியாயத்தையெல்லாம் எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கொடுக்கவில்லை. மகள் பரீட்சை எழுதி முடித்து, இன்னொரு ஃபேக்டரியில் வேலையும் தங்க இடமும் உறுதியான பிறகு, ஏப்ரலில் நான்கே வரியில் வேறு கடிதம் எழுதிக் கொடுத்தேன். முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, "ட்ரஃப் விஷயத்தை மனசுல வெச்சுக்காதேப்பா" என்றார்.