லியோன் நகர ஆவணக் காப்பகத்தில் ஆய்வு: முதல்முறை போகிறவர்களுக்கு

விமானச் சீட்டு போடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: நீங்கள் தேடும் தாளை எழுதிய அலுவலகம் எது? பிரெஞ்சுக் காப்பகங்களில் தாள்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுவதில்லை. ஓர் அலுவலகத்தில் உண்டான தாள்களைக் கலைக்காமல் ஒன்றாக வைக்க வேண்டும் என்று 1841-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. இன்றும் அதுதான் விதி. ஆகவே 'பட்டு நெசவு' என்று தேடினால் கிடைப்பது சொற்பம். மேயரா, ப்ரிஃபெக்டா (மாவட்டத்தில் மத்திய அரசின் பிரதிநிதி), நோட்டரியா (ஒப்பந்தம், உயில் எழுதும் அலுவலர்), பாதிரியாரா என்று பிரித்துத் தேடினால் வழி திறக்கும்.

படி 1: சரியான கட்டடம் எது?

லியோனில் இரண்டு காப்பகங்கள் உண்டு. நகரக் காப்பகம் பெராஷ் ரயில் நிலையத்தை ஒட்டி, பழைய தபால் பிரிப்பு நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. மாவட்டக் காப்பகம் பார்தியூ நிலையத்தின் பக்கம். புதிதாகப் போகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

1831 நவம்பரில் நடந்த பட்டு நெசவாளர் கிளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். கூலி விகிதத்தை நிர்ணயிக்கக் கேட்டு எழுந்தது அது. அப்போதைய மேயர் ப்ருனேலின் அலுவலகத் தாள்கள் நகரக் காப்பகத்தில் இருக்கும். ப்ரிஃபெக்ட் பூவியே-துமொலார் மத்திய அரசின் ஆள் என்பதால் அவர் அலுவலகக் கடிதங்கள் மாவட்டக் காப்பகத்துக்குப் போயின. படை அறிக்கைகளுக்கு பாரிஸை அடுத்த வான்சேன் கோட்டைக்குப் போக வேண்டும். 1834-இல் மீண்டும் எழுந்த கிளர்ச்சியின் வழக்கை பாரிஸில் பிரபுக்கள் அவை விசாரித்ததால், அந்தக் கட்டுகள் தேசியக் காப்பகத்தில். நெசவாளர் ஒருவரின் திருமண ஒப்பந்தமோ உயிலோ வேண்டுமென்றால் அது நோட்டரி எழுதியது, மாவட்டக் காப்பகம்தான். ஒரே ஊர், ஒரே நிகழ்வு, நாலு வாசல்.

புதுச்சேரி, காரைக்கால் பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்த நகரக் காப்பகத்திலும் அலைய வேண்டாம். ஏய்க்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான தேசியக் காப்பகத்தின் இணையதளத்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

படி 2: குறியெண்களை வீட்டிலேயே எழுதுங்கள்

ஒவ்வொரு கட்டுக்கும் 'கோத்' எனப்படும் குறியெண் உண்டு. அது இல்லாமல் வாசிப்பறையில் எதுவும் கேட்க முடியாது. காப்பகத்தின் இணையதளத்தில் உள்ள விவரப் பட்டியல்களிலிருந்து இதை எடுக்க வேண்டும்.

1789-இன் பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய நகரத் தாள்களுக்கு இரட்டை ஆங்கில எழுத்து: பிபி என்றால் நகரசபைத் தீர்மானங்கள், சிசி வரியும் கணக்கும், ஜிஜி தேவாலயப் பதிவேடுகள். 1790-க்குப் பிந்தையவற்றுக்கு ஒற்றை எழுத்து: டி (D) நிர்வாகம், இ (E) பிறப்பு இறப்புப் பதிவு, எஃப் (F) மக்கள்தொகை, ஐ (I) காவல். அண்மைக்காலத் தாள்கள் டபிள்யூ. எச்சரிக்கை: மாவட்டக் காப்பகத்தில் அதே எழுத்துக்கு வேறு பொருள். 'எம்' அங்கே ப்ரிஃபெக்டின் பொது நிர்வாகம். நகரக் காப்பகத்தில் நகராட்சிக் கட்டடங்கள்.

தேடும்போது தடுக்கிவிடும் இடங்கள்:

கியோத்தியேர், க்ருவா-ரூஸ், வேஸ் மூன்றும் 1852 மார்ச் வரை தனி ஊர்கள். நெசவாளர்கள் நிறைந்த க்ருவா-ரூஸில் 1840-இல் பிறந்த குழந்தையை 'லியோன்' என்ற தலைப்பில் தேடினால் கிடைக்காது.

1793 அக்டோபரில் லியோன் என்ற பெயரையே ஒழித்துவிட்டார்கள். ஓராண்டு காலம் தாள்களில் 'கொம்யூன் அஃப்ரான்ஷி' (விடுவிக்கப்பட்ட ஊர்) என்றுதான் இருக்கும். அதோடு 1805 முடியும்வரை, புரட்சி அரசு கொண்டுவந்த தனி மாதப் பெயர்கள் கொண்ட நாட்காட்டி; மாற்று அட்டவணை ஒன்றை அச்சிட்டுக் கொண்டுபோங்கள்.

இன்னும் பின்னால் போனால் ஆண்டுப் பிறப்பே இடம் மாறும். ஜனவரி 1-ஐ ஆண்டுத் தொடக்கமாக்கியது 1564-இன் அரசாணை. அதற்கு முன் பல இடங்களில் ஈஸ்டரில்தான் ஆண்டு பிறந்தது. பழைய தாளில் '1540 பிப்ரவரி' என்றிருந்தால் நம் கணக்கில் அது 1541 ஆக இருக்கலாம்.

படி 3: பார்க்க அனுமதி உண்டா?

பெரும்பாலான தாள்கள் எல்லாருக்கும் திறந்தவை. தனிமனித அந்தரங்கம் உள்ளவற்றுக்கு 50 ஆண்டு, பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கும் நீதிமன்றத் தாள்களுக்கும் 75 ஆண்டு காத்திருப்பு. மருத்துவத் தாள்களுக்கு இறந்த நாளிலிருந்து 25 ஆண்டு. இறந்த தேதி தெரியாவிட்டால் பிறப்பிலிருந்து 120. கட்டு ஒன்றில் பல ஆண்டுத் தாள்கள் இருந்தால் கடைசித் தாளின் தேதிதான் கணக்கு. முன்கூட்டியே பார்க்க சிறப்பு அனுமதி கோரலாம். மனு காப்பகத்தின் வழியாகக் கலாசார அமைச்சகத்துக்குப் போய்த் திரும்ப மாதங்கள் ஆகலாம். நேரில் போய்க் கேட்டால் அந்தப் பயணத்துக்குள் கிடைக்காது.

படி 4: கடிதம், விசா, தேதி

குறைந்தது ஆறு வாரம் முன்பே பிரெஞ்சில் மின்னஞ்சல் அனுப்புங்கள். 'மதாம், மெஸ்யூ' என்று தொடங்கி, தலைப்பு, காலம், வரும் நாட்கள், குறியெண்கள்: பத்து வரி போதும். மூன்றைக் கேளுங்கள். இந்தக் கட்டுகள் கட்டடத்திலேயே உள்ளனவா? பழுதுபார்ப்பில் உள்ளனவா? மின்படமாக்கப்பட்டுவிட்டனவா? மூன்றாவது முக்கியம். படமாக்கியதன் மூலத்தைப் பொதுவாகத் தர மாட்டார்கள், திரையில்தான் காட்டுவார்கள். அதை வீட்டிலேயே பார்த்திருக்கலாமே!

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா: 180 நாளில் 90 நாள் வரை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பகத்தின் பதில் மின்னஞ்சலையும் இணையுங்கள்.

மே மாதம் வேண்டாம். 1, 8 தேதிகள் விடுமுறை. அசென்ஷன் (இயேசு விண்ணேறிய நாள்) வியாழனும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் விழும். மறுநாள் வெள்ளியும் சேர்த்து மூடிவிடுவதும் உண்டு. ஆகஸ்டில் நேரம் சுருங்கும். திறப்பு நேரத்தைப் புறப்படும் வாரம் மறுபடி பாருங்கள்.

படி 5: வாசிப்பறையில்

கடவுச்சீட்டைக் காட்டி வாசகர் அட்டை வாங்க வேண்டும். பை, கோட்டு, தண்ணீர் எல்லாம் பெட்டகத்தில். சிலவற்றுக்கு ஒரு யூரோ நாணயம் கேட்கும். உள்ளே பென்சில், மடிக்கணினி, கேமரா மட்டும்; பேனா கூடாது. ஃப்ளாஷை வெளியிலேயே அணைத்துவிடுங்கள்.

கட்டுகளை ஒரு நாளைக்கு இத்தனைதான், இந்த நேரங்களில்தான் எடுத்துத் தருவார்கள். ஒரு நேரம் தவறினால் அரைநாள் போச்சு. முதல் நாள் அட்டை வாங்குவதிலும் வழக்கம் புரிவதிலும் கழியும். மூன்று நாள் வேலைக்கு ஐந்து வேலைநாள் வையுங்கள். முக்கியமான கட்டுகளை முதலில் கேளுங்கள். பழைய கையெழுத்து திகைக்க வைக்கும். புறப்படும் முன்பே இணையத்தில் உள்ள தேவாலயப் பதிவேடுகளை வைத்துத் தினம் அரைமணி பழகினால் கண் பிடிபடும்.

கட்டிலுள்ள தாள்களின் வரிசையைக் கலைக்காதீர்கள். கலைந்திருந்தால் நீங்களே அடுக்காமல் மேசைப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டிலும் நீங்கள் எடுக்கும் முதல் படம் அதன் குறியெண் எழுதிய மேலட்டையாக இருக்கட்டும். அதற்குப் பிறகே தாள்கள், ஒவ்வொன்றிலும் தாள் எண் தெரியும்படி. அன்றிரவே குறியெண் பெயரில் கோப்புறை போட்டு, மங்கிய படங்களைக் கண்டுபிடியுங்கள். மறுநாள் காலை முதல் வேலையாக அவற்றைத் திரும்ப எடுத்துவிடலாம்.