லயம் உடைக்கிறதுக்கு முன்னாடி: தோட்டத்துப் பழைய கட்டடங்கள காப்பாத்த நினைக்கிறவங்களுக்கு

இலங்கை மலையகத்துல எங்க தேயிலைத் தோட்டத்துல ஒரு பழைய பிள்ளைக் காம்பரா (வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள பாத்துக்கிற அறை) இருந்துச்சு. கருங்கல்லுச் செவரு, தகரக் கூரை, உள்ள தொட்டில் கட்டுறதுக்கு குறுக்க போட்ட இரும்புக் கம்பி. எங்கம்மா கொழுந்து பறிக்கப் போகையில என்னைய அங்கதான் விட்டுட்டுப் போவாங்க. ஒரு லீவு நாள்ல கல்லுக்காக அத உடைச்சிட்டாங்க, நான் கொழும்புல இருந்து பொங்கலுக்கு வந்து பாக்குறப்ப வெறும் தரைதான் கெடந்துச்சு. அப்பறம் போட்டோ தேடுனோம், வீடு வீடா கல்யாண ஆல்பம் எல்லாம் வாங்கிப் பாத்தோம், ஒரே ஒரு படத்துல மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னாடி அதோட ஒரு மூலை மட்டும் தெரியுது. அவ்வளவுதான் மிச்சம். அதுல இருந்து நானும் சில பேரும் சேந்து செஞ்சதையும் கத்துக்கிட்டதையும்தான் இங்க எழுதுறேன், உங்க தோட்டத்துல இன்னும் நேரம் இருக்கும்.

மொதல்ல எது பழைய கட்டடம்னு உக்காந்து பேசுங்க. கேட்டா எல்லாரும் துரை (தோட்டத்து மேனேஜர்) பங்களாவத்தான் காட்டுவாங்க, இல்லைனா நுவரெலியா போஸ்ட் ஆபீஸ் மாதிரி ஏதாவது. அதுவும் முக்கியம்தான். 1894ல கட்டுன அந்த செங்கல்லுக் கட்டடத்த ஹோட்டலுக்குக் குடுக்கப் போறாங்கன்னு 2023 நவம்பர்ல தபால் ஊழியர்கள் ஸ்ட்ரைக் பண்ணாங்க, ஒரு கட்டடத்துக்காக ஆளுங்க எந்திரிச்சு நிக்க முடியும்னு அப்ப பாத்தோம். ஆனா நம்ம ஆளுங்க பொறந்து வளந்த லயம் (வரிசையா ஒட்டிக் கட்டுன ஒத்தக் காம்பரா வீடுங்க), காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்குற மடுவம், ஸ்டோரு (தேயிலை ஃபேக்டரி), பக்கத்துல இருக்க மிசினுக்குக் காவல் சாமி ரோதைமுனி கோயிலு, காமன் கூத்து ஆடுற பொட்டல், தோட்டத்து ஸ்கூல், பழைய சுடுகாட்டுக் கல்லு, இதெல்லாம் லிஸ்ட்ல வரணும். இதுக்குன்னு பேச வெளிய இருந்து யாரும் வரப்போறது இல்ல.

சட்டம் ஏன் தானா நமக்கு உதவலைன்னு ஒரு விசயம் தெரிஞ்சு வச்சிக்கோங்க. 1940ஆம் வருசத்து 9ஆம் இலக்க தொல்பொருள் சட்டம்தான் இங்க அடிப்படை. அதுல 1815 மார்ச் 2க்கு முந்தின கட்டடம்தான் புராதனம், அதாவது கண்டி ராச்சியம் வெள்ளக்காரன் கைக்குப் போன நாள். நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து கோப்பிக் காட்டுக்கு நடந்து வந்தது 1820கள்ல, தேயிலைய ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில 19 ஏக்கர்ல போட்டது 1867ல. அப்ப மலையகத்துத் தோட்டக் கட்டடம் ஒண்ணு கூட அந்தக் கோட்டுக்கு உள்ள வராது. ஆனா அதே சட்டத்துல 16வது பிரிவு இருக்கு, 100 வருசத்துக்குக் கொறையாம இருக்க கட்டடத்த அமைச்சர் வர்த்தமானியில (அரசாங்க கெசட்) போட்டு பாதுகாக்கப்பட்டதுன்னு அறிவிக்கலாம். அந்த 100 வருசத்தத்தான் நாம நிரூபிக்கணும், அதுக்குத்தான் ஆவணம்.

ஆவணம்னா பெருசா ஒண்ணும் இல்லைங்க. ஒரு டேப், கட்டம் போட்ட கொப்பி, ஃபோன், ரெண்டு மூணு பசங்க. ஒவ்வொரு காம்பராவும் நீளம் அகலம் உயரம் அளந்து எழுதுங்க (பழைய லயத்துல பெரும்பாலும் பத்துக்குப் பன்னெண்டு அடிதான் வரும், அதுக்குள்ள ஒரு குடும்பமே இருந்திருக்கு, அளக்குற பசங்க அத அவங்களாவே கண்டுபிடிக்கட்டும்), செவரு எத்தன அங்குலம், கல்லா செங்கல்லா மண்ணா, கதவு எந்தப் பக்கம், இஸ்தோப்பு (முன் திண்ணை) எவ்வளவு, அடுப்பு எங்க இருந்துச்சு. போட்டோ எடுக்கையில ஒரு அடி ரூலரையாவது பக்கத்துல வச்சி எடுங்க, இல்லைனா அளவு தெரியாது. ஸ்டோருல செவத்து உச்சியில வருசம் இருக்கான்னு பாருங்க, மிசின்ல பேர்த்தகடு இருக்கும், பெல்பாஸ்ட்ல செஞ்ச சிரோக்கோ மிசின் எல்லாம் இன்னும் சில ஸ்டோருல நிக்குது, அதெல்லாம் பழைய இரும்புக்குப் போறதுக்குள்ள தகட்டையாவது படம் புடிச்சி வைங்க.

பெரியவங்ககிட்ட பேசுறதுதான் இதுல கஷ்டமானது, ஆனா அதுலதான் விசயமே இருக்கு. "அப்பாயி, இந்த லயம் எப்பக் கட்டுனது?"ன்னு கேட்டா "அது அப்பவே இருந்துச்சு சாமி"ன்னு சொல்லி முடிச்சிருவாங்க. வருசத்தக் கேக்காதீங்க, சம்பவத்தக் கேளுங்க. 74 பஞ்சத்துல இந்த மூலைக் காம்பராவுல யாரு இருந்தாங்க, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு, ஊருக்குப் போனவங்க எந்த வாசல்ல இருந்து சாமான் கட்டுனாங்க, தோட்டத்த அரசாங்கம் எடுத்தப்ப கூரையில தகரம் இருந்துச்சா ஓடு இருந்துச்சா, அப்புடிக் கேட்டா ஒரு மணி நேரம் நிறுத்த மாட்டாங்க. ஒப்பந்தம் 64, தோட்டத்த எடுத்தது 72லயும் 75லயும், பஞ்சம் 74ன்னு அந்த வருசங்கள்லாம் நமக்குத் தெரியும்ல, அதுல இருந்து கட்டடத்தோட வயச கணக்குப் போட்டுரலாம். ரெக்கார்ட் பண்ண முன்னாடி அவங்க சம்மதத்தக் கேட்டு, அதையும் அதே ரெக்கார்டுல சொல்ல வைங்க. சேத்தத ஒரே ஃபோன்ல வைக்காம மூணு எடத்துல வைங்க, நூலகம் நிறுவனம் மாதிரி டிஜிட்டல்ல தமிழ் ஆவணம் சேக்குறவங்ககிட்டயும் ஒரு பிரதி போகட்டும்.

இப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு. லயத்தக் காப்பாத்தணும்னு சொன்னா "அப்ப நாங்க இந்த ஒழுகுற காம்பராவுலயே கெடக்கணுமா"ன்னு யாராவது கேப்பாங்க, அந்தக் கேள்வி நூத்துக்கு நூறு நியாயமானது. தனி வீடும் காணியும் நம்ம சனத்தோட உரிமை, அதுக்குக் குறுக்க எந்தப் பாரம்பரியமும் நிக்கக் கூடாது. நாங்க சொல்றது, புது வீடு வந்து ஆளுங்க மாறுனதுக்குப் பிறகு எல்லாத்தையும் தரைமட்டமாக்காம ஒரே ஒரு லயத்த, இல்ல ரெண்டு காம்பராவையாவது விடுங்க. கம்பளை பக்கத்துல ஓல்ட் பீகொக் தோட்டத்துல பழைய லயத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் மியூசியமா ஆக்கி வச்சிருக்காங்க, ஒருக்கா போய்ப் பாருங்க, பாத்தவங்களுக்கு நான் விளக்கவே தேவையில்ல. ஹந்தானையில 1925ல கட்டுன ஸ்டோரும் இப்ப தேயிலை மியூசியம். ஆனா மண்சரிவு அபாயம்னு என்.பி.ஆர்.ஓ (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) சொன்ன எடத்துல மட்டும் மல்லுக்கட்டாதீங்க, அளந்து படம் எடுத்துட்டு விட்டுருங்க.

அனுமதி யாருகிட்ட வாங்கணும்? பெரும்பாலும் காணி அரசாங்கத்துது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகிட்ட. அதனால துரைகிட்ட வாயால கேட்டுட்டு வந்தா அடுத்த துரை வந்ததும் அது காத்தோட போயிரும், எழுத்துல குடுங்க, கம்பனிக்கு ஒரு பிரதி, பிரதேச செயலாளருக்கு ஒண்ணு, தொல்பொருள் திணைக்களத்துக்கு ஒண்ணு, குடுத்த நாளோட கையெழுத்து வாங்குன பிரதி உங்ககிட்ட. பதில் வரலைன்னா 2016ஆம் வருசத்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, திணைக்களத்துலயும் பிரதேச செயலகத்துலயும் தகவல் அதிகாரி இருப்பாரு, அவருகிட்ட எழுதிக் கேளுங்க, 14 வேலை நாளுக்குள்ள குடுக்கலாமா இல்லையான்னு அவரு சொல்லியாகணும். கோயில்னா மட்டும் கொஞ்சம் நிதானம். வர்த்தமானியில வந்துட்டா பிறகு திருத்த வேலைக்கும் அனுமதி வேணும், அதனால கோயில் கமிட்டியும் தோட்டத்துத் தலைவர்மாரும் ஒத்துக்கிட்ட பிறகு விண்ணப்பம் போடுங்க.

அடுத்து திருத்த வேலை. பழைய கட்டடத்தக் கொல்றது பெரும்பாலும் தண்ணிதான், அதனால மொதல்ல கூரை, பிறகு கூரைத் தண்ணி ஓடுற பீலி, பிறகு செவத்தோரக் கான் (வடிகால்). கான் வெட்ட நம்மள விட நல்லாத் தெரிஞ்சவங்க உலகத்துல யாரு இருக்கா, ஒரு ஞாயித்துக்கெழமை பத்துப் பேரு எறங்குனா செவத்துக்கிட்ட தேங்குற தண்ணியத் திருப்பிரலாம். செவத்துல சிமெந்து பூசாதீங்க, இத எத்தன தடவை சொன்னாலும் ஆளுங்க கேக்க மாட்டேங்குறாங்க, சிமெந்து பாக்க கெட்டியா இருக்கும் ஆனா உள்ள ஏறுன ஈரம் வெளிய போக வழியில்லாம செவரு உள்ளுக்குள்ளயே உப்புப் பூத்து உதுந்துரும். சுண்ணாம்பு ஒரு பங்கு மணல் மூணு பங்கு, செவத்த நனைச்சிட்டுப் பூசி, சில நாளைக்கு ஈரச் சாக்கு போட்டு காய விடுங்க. ஹட்டன் மஸ்கெலியா பக்கம்னா ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும்தான் இதுக்கு நேரம், பதுளை பண்டாரவளைப் பக்கம் மழை மாறி வரும், அங்க ஜூன் ஜூலையில வைங்க. செவத்துல ஆலஞ்செடி மொளைச்சிருந்தா புடுங்காதீங்க, கல்லும் கூடவே வந்துரும், அடியோட வெட்டி வேரு காஞ்ச பிறகு கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஓட்டைய அடைங்க. கல்லுல வெட்டுன எழுத்துக்கு பெயின்ட் அடிக்கிறதோ கம்பி பிரஸ்ஸால தேய்க்கிறதோ வேணாம்.

ஊருக்குத் தெரிய வைக்கிறது திருவிழா நேரத்துல ஆரம்பிச்சா லேசா முடியும், அப்பத்தான் கொழும்புல வேலை செய்ற பசங்களும் வீட்டுல இருப்பாங்க. கப்பல் பயணத்துப் போட்டோ, பழைய செக்ரோல் (வேலைக்கு வந்தவங்க பேரு பதியுற புத்தகம்), தண்டட்டி, கவ்வாத்துக் கத்தின்னு வீட்டுல இருக்கிறத ஒரு நாளைக்கு மட்டும் ஸ்கூல் ஹால்ல வச்சிக் காட்டுங்க, பொருள் சொந்தக்காரங்ககிட்டயே திரும்பிப் போகட்டும். 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நம்ம ஆளுங்க வந்து 200 வருசம் ஆனத நெனச்சி நடந்தாங்கல்ல, அது மாதிரி சின்னதா, பெரட்டுக்களத்துல இருந்து ஸ்டோரு வரைக்கும் ஒரு நடை, வழி நெடுக ஒவ்வொரு எடத்துலயும் ஒரு பெரியவங்க நின்னு கதை சொல்லணும். வெளியாளுங்க வந்தா ஆளுங்க வீட்டு வாசல்ல நின்னு கேக்காமக் கொள்ளாம படம் எடுக்க விடாதீங்க, டீயும் ரொட்டியும் அந்த லயத்துக் குடும்பமே வித்து அந்தக் காசு அவங்களுக்கே போகட்டும்.

போர்டு வைக்கிறப்ப மூணு மொழியிலயும் எழுதுங்க, எந்தத் துரை கட்டுனான்னு மட்டும் எழுதிட்டு நிறுத்தாதீங்க. கல்லு தூக்குனவங்க பேரு எங்கயும் இருக்காது, ஆனா அங்க கடைசியா குடியிருந்த குடும்பங்க பேரு தெரியும்ல, அவங்க சம்மதிச்சா காம்பரா நம்பரோட அத எழுதுங்க. எங்க பிள்ளைக் காம்பரா இருந்த எடத்துலயும் இப்ப ஒரு சின்னப் போர்டு வச்சிருக்கோம், அந்தக் கல்யாணப் படத்துல தெரிஞ்ச மூலைய பெருசாக்கிப் போட்டு, கீழ அங்க பிள்ளை பாத்த ஆயாம்மாங்க பேரெல்லாம் எழுதியிருக்கு.