குளிக்கும்போது பாய்லர் சூடேறி அணைந்தால்
லண்டனில் எங்கள் வீட்டு காம்பி பாய்லர் (குழாய்த் தண்ணீரையும் வீட்டைச் சூடேற்றும் ரேடியேட்டர்களையும் ஒன்றாகவே கவனிக்கும் கேஸ் பாய்லர்), ஷவரைத் திறந்த மூன்றாம் நிமிடமே சூடு எகிறி அணைந்துவிடும். தலையில் சோப்போடு பச்சைத் தண்ணீரில் நிற்க வேண்டியதுதான். ரேடியேட்டர்கள் மட்டும் ஒழுங்காகச் சுட்டன. அதுதான் துப்பு: கோளாறு குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் பக்கம்தான்.

பாய்லர் ஆறியிருக்கும்போது அழுத்த முள் 1 முதல் 1.5 பாரில் நிற்கிறதா பாருங்கள். அப்புறம் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். இப்போது அணையவில்லையா? சரி, அடைப்பு ஷவர் தலையில்தான், வினிகரில் ஊறப்போடுங்கள்.

எங்களுக்கு அப்படியும் தீரவில்லை. லண்டன் தண்ணீர் கடின நீர், அதாவது சுண்ணாம்பு அதிகம். உள்ளே தகட்டு வெப்பமாற்றியில் (பாய்லரின் சூட்டைக் குழாய்த் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) சுண்ணாம்பு படிந்தால், சூடு குழாய்த் தண்ணீருக்குப் போகாமல் பாய்லருக்கே திரும்பும். பழுதுபார்க்க வந்தவர் கழற்றியதைக் கையில் வாங்கிப் பார்த்தேன்: துவாரம் முழுக்க முட்டை ஓடு போல வெள்ளைப் படிவு. தயவுசெய்து மூடியை நீங்களே திறக்காதீர்கள்; கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்வோருக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவு பெற்றவரை அழையுங்கள்.